உடல் தகுதிச் சான்று

“வெட்டிடும்மா. வேற வழி இல்ல,” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

கோகிலவாணி தையல் மெஷின் மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து வந்து நீட்டினாள். யாரும் கை நீட்டி வாங்கவில்லை. நான்கு ஆண்கள் அப்பாவை உட்காரவைத்துப் பிடித்திருந்தார்கள். உடம்போடு ஒட்டியிருந்த அந்த மஞ்சள் சைக்கிள் பனியனைத் தலை வழியாக உருவ முடியவில்லை. கைகள் விறைக்கத் தொடங்கியிருந்தன. கடைசியில் அவளே குனிந்து இடுப்புப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போனாள். முதுகில் ‘கன்னியாகுமரி – காஷ்மீர்’ என்று அச்சடித்திருந்த இடம் தடிப்பாக இருந்தது. அதில் கத்தரிக்கோல் மாட்டிக்கொண்டு நின்றது. அழுத்தி வெட்டினாள்.

பனியன் இரண்டாகக் கழன்றது. அதைச் சுருட்டி யார் கையிலோ கொடுத்துவிட்டு, அப்பாவின் வேட்டியை எடுக்க உள்ளே போனாள்.

காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவள்தான் தண்ணீர் பாட்டிலை நிரப்பி சைக்கிளில் செருகினாள். காஷ்மீர் சைக்கிள் பயணத்துக்கான கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி அது. வடக்கனந்தலிலிருந்து கரியாலூருக்கு ஏறி இறங்குவது. ஒன்பது பேர். நான்காவது வளைவில் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி, “நீங்க போங்க, வரன்,” என்று சொல்லி ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தாராம். மற்ற எட்டுப் பேரும் மேலே போனார்கள். கரியாலூரில் டீ குடித்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்கள். இறங்கி வந்தபோது அப்பா அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் தூங்குகிறார் என்று நினைத்தார்களாம்.

மலையில் இருந்த அரசு டாக்டர் பார்த்துவிட்டு மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். லோடு வண்டியில் அப்பாவும் அவருடைய சைக்கிளும் ஒன்றாகவே வீடு வந்து சேர்ந்தார்கள்.

பந்தல் போட்டதும் பேச்சு தொடங்கிவிட்டது.

“அம்பத்தி நாலு வயசுல காஷ்மீர் இன்னாத்துக்கு? கரும்பு வெட்டறதுக்கு ஆளு கெடைக்காத நேரம், இவரு சைக்கிள் வுட்டுக்கினு.”

“அத்த வுடு. கஷ்டப்படாம போய்ட்டாரு. நல்ல சாவு.”

“டெஸ்ட்டெல்லாம் எடுத்தாங்களாமே. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையாம். நேரம் வந்துட்டா ரிப்போர்ட் இன்னா பண்ணும்?”

நல்ல சாவு. வாணி பல்லைக் கடித்துக்கொண்டாள். நான்காவது வளைவில், சுவரில், தனியாக. ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா, அதுகூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

மதியத்துக்குள் ஃபிளக்ஸ் வந்துவிட்டது. பயணக் குழுவின் தலைவர் இளஞ்செழியன் சார், மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார், போனிலேயே ஏற்பாடு செய்திருந்தார். கிளம்பும் நாளுக்காக ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படம். ஹெல்மெட் போட்டு, கட்டைவிரலை உயர்த்தி அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. இரண்டு பேர் அதை வாசலில் கட்டும்போது அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

இளஞ்செழியன் சார் பந்தல் நடுவில் நின்று பேசினார். அவர் எங்கே நின்றாலும் வகுப்பறைக் குரல் வந்துவிடும்.

“ஆதிமூலம் அண்ணன் கனவு பாதியில நிக்கக் கூடாது. மாசி மூணாம் தேதி சொன்னபடி கெளம்பறோம். அண்ணனோட சாம்பல ஒரு சொம்புல எடுத்துக்கினு போய் காஷ்மீர்ல கரைக்கறோம்.”

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் அழுதார்.

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. வாணியிடமும் கேட்கவில்லை. இந்த ஒன்பது மாதமும் அவளிடம் கேட்காமல் அவர்கள் ஒரு டியூப்கூட வாங்கியதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த ஊரில் படுக்கை, எத்தனை செயின் ஆயில், பஞ்சர் ஒட்ட எத்தனை துண்டு, திரும்பி வரும் ரயிலில் சைக்கிளைப் பார்சல் போட என்ன படிவம் என்று எல்லாம் அவள் போட்ட பட்டியல். ஒன்பது பேருக்கும் ஒன்பது பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றின் மேலும் பெயர், ரத்தப் பிரிவு, வீட்டு எண். ஒரே ஒருமுறை, நானும் வரட்டுமா என்று கேட்டாள். கரியாலூர் வரை இரண்டு தடவை தன் சைக்கிளில் ஏறியிருக்கிறாள், ஓர் இடத்திலும் இறங்கவில்லை. “ஒம்போது ஆம்பளைங்க நடுவுல நீ இன்னா பண்ணுவ? நீயும் வந்துட்டா அப்புறம் லிஸ்ட் போட ஆளு ஏது?” என்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து வந்தவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு “வாயுதாம்மா” என்றார். வாணி பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

“வாணி, அப்பா ஆதார் நகல் உன் ஃபைல்ல இருக்கும் இல்ல?” என்று இளஞ்செழியன் சார் வந்து கேட்டார். “வி.ஏ.ஓ. கேக்கறாரு. எடுத்துக் குடும்மா.”

அறைக்குள் போய் அப்பாவின் உறையைப் பிரித்தாள். ஆதார் நகல் மேலேயே இருந்தது. அதற்குக் கீழே உடல் தகுதிச் சான்று. அதனுடன் பின் அடித்த ஈசிஜி தாள். இளஞ்சிவப்புக் கட்டங்களில் ஓடும் கறுப்புக் கோடு. போன மாதம் இதை அவளே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பெயர் சரியா, வயது சரியா என்று பார்த்தாள். கோட்டைப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். நாடித் துடிப்பு ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

தினமும் காலையில் அப்பாவின் நாடியைப் பிடித்து எண்ணி எழுதியவள் அவள். எண்பத்தாறு. தொண்ணூறு. எண்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே ஒருநாள்கூட எழுதியதில்லை.

தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ஒரு வரிசையில் ஒவ்வொரு துடிப்பின் முனையும் இரண்டாகப் பிளந்து, முயல் காது விடைத்தாற்போல நின்றது. சில நல்ல இதயங்களிலும் இப்படி வரும், கெடுதல் இல்லை என்று படித்திருக்கிறாள். அதுவல்ல விஷயம். ஸ்கேன் செய்தபோது வேறு தாளிலும் இந்தக் காதுகள் அவள் கண்ணில் பட்டிருந்தன. மற்ற எட்டு உறைகளையும் கட்டில்மேல் கொட்டினாள்.

மாமா வீரமுத்துவின் தாளில் அதே காதுகள். ஐம்பத்தேழு. அப்பாவின் சிநேகிதர் அய்யனார் சித்தப்பாவின் தாளிலும் அதே காதுகள். ஐம்பத்தெட்டு. மூன்றிலும் ஒரே தேதி. மேல் ஓரத்தில் மெஷின் அடித்த நேரம்: பதினொன்று நான்கு, பதினொன்று பதின்மூன்று, பதினொன்று இருபத்தொன்று. மூன்று சான்றிலும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து.

ஆதார் நகலை ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு மூன்று தாள்களோடு பின்பக்கம் போனாள்.

மாமா மோட்டார் கொட்டகை நிழலில் நின்றிருந்தார். அம்மாவின் தம்பி. பிறந்த வீட்டுக் கோடியை அவர்தான் போட வேண்டும். கள்ளக்குறிச்சியில் எடுத்து வந்த புடவை கடைப் பையிலேயே அவர் கையில் இருந்தது.

“மாமா, ஈசிஜி எடுக்க யார் யாரு ஒண்ணா போனீங்க?”

“அது எதுக்கு இப்போ?”

“சொல்லுங்க.”

“நானு, உங்கப்பா, அய்யனாரு.”

“மெஷின்ல யாரு படுத்தது?”

மாமா பையின் காதை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“மூணு தடவையும் நான்தான்,” என்றார்.

அவராகவே பேசினார்.

“உங்கப்பாதான் சொன்னாரு. ‘மச்சான், எனக்கு அந்த ரூமப் பாத்தாலே படபடங்குது, எனக்குப் பதிலா நீ போய்ப் படு’ன்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு. நானும் வெளையாட்டாத்தான் போனன். அத்தப் பாத்துட்டு அய்யனாரு, ‘எனக்கும் சேத்துப் படுத்துட்டு வந்துடேன்’னான். அந்தப் பொண்ணு போன்ல பேசிக்கினு இருந்துச்சு. மொகத்தயே பாக்கல. சட்டைய மாத்திக்கினு டோக்கனக் குடுத்தன், படுக்கச் சொல்லுச்சு, படுத்தன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? புரோட்டா சாப்ட்டு வந்தோம்.”

“அப்பாவுக்கு நெஞ்சு வலி இருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு தடவ சொன்னாரு.”

“எங்கிட்ட வாயுன்னாரு.”

“உங்கிட்ட சொன்னா லிஸ்ட்லேர்ந்து பேர அடிச்சிடுவியாம். ‘எம் பொண்ணு கறாரு’ன்னாரு.”

அதைப் பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். அந்தக் குரல்கூட அவளுக்குக் கேட்டது. ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடப்பவர் மேல் அவளுக்கு அப்போது வந்த கோபத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. ஒரு கையால் கொட்டகைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் தகரம் சுட்டது. கையை எடுக்கவில்லை.

“அய்யனார் சித்தப்பா போவக் கூடாது. நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. அப்பாவ எடுக்கறதுக்குள்ள சொல்லிடுங்க.”

“இப்பவா? அக்கா மொகத்துல நான் எப்படிம்மா முழிக்கறது? கோடி போடணும் வாணி நானு.”

“நீங்க சொல்லலன்னா நான் சொல்வன்.”

மாமா அவளை நம்பவில்லை. அவளே தன்னை நம்பவில்லை. கல்லூரியில் செமினார் எடுக்கச் சொன்ன நாட்களில் காய்ச்சல் என்று விடுதியில் படுத்துக்கொண்டவள் அவள்.

முதலில் இளஞ்செழியன் சாரிடம் போனாள். அவர் மூன்று தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துத்தான் போயிற்று. ஆனால் தாள்களை மடித்து அவள் கையிலேயே வைத்தார்.

“நீ சொல்றது சரிம்மா. பெரிய தப்பு. ஆனா சாவு வூட்ல வெச்சு இத்தப் பேசவேணாம். வெளிய தெரிஞ்சா பயணமே நின்னுடும். ரயில் டிக்கெட் போட்டாச்சு, கொடி அசைக்கறவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. அய்யனார்கிட்ட நான் அப்புறமா நைசா பேசிக்கறன்.”

“அப்புறம்னா எப்போ சார்? இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு.”

“நான் பாத்துக்கறன்னு சொன்னன் இல்ல?”

நான்காவது வளைவிலும் இப்படித்தான் யாராவது சொல்லியிருப்பார்கள். பார்த்துக்கொள்ளலாம், வந்துவிடுவார்.

நான்கு மணிக்கு அப்பாவை வெளியே எடுத்துக் குளிப்பாட்டினார்கள். மேளம் வேகமெடுத்தது. அம்மாவைக் கொண்டுவந்து பலகையில் உட்காரவைத்துத் தலை நிறையப் பூ வைத்தார்கள்.

“பொறந்த வூட்டுக் கோடி எங்க? கூப்புடுங்கப்பா.”

மாமா தட்டோடு வந்தார். அவர் தயங்கி நின்றதைக் கண்டு பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். புடவையைப் பிரித்து அம்மாவின் தோளில் போர்த்தினார். வாணி அவர் எதிரிலேயே நின்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இரண்டு அடி பின்னால் போனார்.

அய்யனார் பாடையின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரைவர். நாற்பத்தொன்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். காலையில் போட்ட அதே மஞ்சள் பனியன், அதன்மேல் துண்டு.

வாணி மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஏதோ சடங்குக்காகச் சொல்கிறாள் என்று அவர் நிறுத்திவிட்டார். சட்டென்று தெரு முழுக்க அமைதியானது. அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பின.

“இது மூணும்,” என்றாள். குரல் எழவில்லை. மறுபடி சொன்னாள். “இது மூணும் ஒரே ஆளு நெஞ்சு. வீரமுத்து மாமா நெஞ்சு. எங்கப்பாவுக்கு டெஸ்ட்டே எடுக்கல. அய்யனார் சித்தப்பாவுக்கும் எடுக்கல. ரெண்டு பேருக்கும் பதிலா மாமாதான் படுத்திருக்காரு.”

“இன்னாம்மா சொல்ற?” என்றார் யாரோ.

“ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு காலைலேர்ந்து சொல்லிக்கினு இருக்கீங்களே. அது எங்கப்பா ரிப்போர்ட்டே இல்ல.”

அய்யனார் எழுந்து வந்தார். சிரிக்கப் பார்த்தார்.

“ஏ வாணி, எனக்கு இன்னா? கரும்புக் கட்டு ஏத்தி எறக்கறவன் நானு. கல்லு மாதிரி கீறன்.”

பெண்கள் பக்கமிருந்து அவர் மனைவி ஜெயசுதா எழுந்து நின்றாள்.

“அப்போ நீ ஏன்யா போய்ப் படுக்கல?”

“இல்லடி. ஊசி கீசி போடுவாங்களோன்னு...”

பின்னாலிருந்து ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஊசியா? முந்தாநேத்து டிராக்டர்ல ஏறனவன் எறங்கி டயர்ல சாஞ்சி உக்காந்தியே, அது இன்னா? வெயிலுன்ன. தை மாசத்துல இன்னாய்யா வெயிலு?”

இளஞ்செழியன் சார் முன்னால் வந்து, “எல்லாம் அப்புறம் பேசிக்கலாம், பொணத்த வெச்சிக்கினு...” என்று தொடங்கினார்.

“நெசந்தான்,” என்றார் மாமா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “நான்தான் படுத்தன்.”

அம்மா தோளில் கிடந்த கோடிப் புடவையை எடுத்தாள். நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். தம்பி நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பிறகு ஒரு பெரியவர், “பொழுது எறங்குது, தூக்குங்கப்பா,” என்றார். மேளக்காரர் வாணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அடிக்கத் தொடங்கினார்.

அப்பாவைப் பாடையில் வைத்தார்கள். முன்பக்கம் இடது தோள் தன்னுடையது என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தவர் அய்யனார். நேராகப் போய் அந்த இடத்தில் குனிந்து மூங்கிலைப் பிடித்தார். வாணியும் போய் அதே மூங்கிலைப் பிடித்தாள்.

“நீங்க தூக்க வேணாம் சித்தப்பா.”

“கைய எடு வாணி.”

“வேணாம்.”

“பொம்பள புள்ள பாடையத் தொடக்கூடாதும்மா, தள்ளிப் போ,” என்று யாரோ அதட்டினார்கள். இன்னொருவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. எதிரில் அய்யனாரின் கண்கள் சிவந்திருந்தன. இருபத்தைந்து வருடச் சிநேகிதனைத் தூக்கக் கூடாது என்று ஒரு சின்னப் பெண் ஊர் முன்னால் சொல்கிறாள். அது எத்தனை பெரிய அவமானம் என்று அவளுக்கும் தெரிந்தது. மூங்கிலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“வுட்டுடு அய்யனாரு.”

அம்மா. அப்பாவைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“அவரு ஒண்ணும் கனமில்ல. மத்தவங்க தூக்கட்டும்.”

அய்யனார் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பனியனில் துடைத்துக்கொண்டார். வாணியும் விட்டாள்.

மற்ற மூன்று மூலையிலும் ஆட்கள் குனிந்து காத்திருந்தார்கள். அந்த மூலை மட்டும் காலியாக இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். துண்டை மடித்து இடது தோளில் வைத்தார். அய்யனார் நின்றிருந்த இடத்தில் குனிந்து தோள் கொடுத்தார்.

தூக்கினார்கள். மாமா மற்றவர்களைவிட உயரம். பாடை ஒரு பக்கம் சாய்ந்து, அப்பாவின் தலை லேசாக அசைந்தது. “முட்டிய மடக்கு முத்து, மடக்கு,” என்று பின்னாலிருந்து சொன்னார்கள். அவர் முட்டியை மடக்கிக்கொண்டு நடந்தார்.

பூவை வீசிக்கொண்டே போனார்கள். மஞ்சள் பனியன்கள் ஏழும் மேளத்துக்குப் பின்னால் போயின. பெண்கள் அழுதபடி தெருமுனைவரை வந்தார்கள். அதற்குமேல் அவர்கள் போவதில்லை. நின்றார்கள்.

ஜெயசுதாவின் பக்கத்தில் அய்யனாரும் நின்றார்.